வரிசையில் நிற்போரும் நில்லாதோரும்

விரல்ரேகை இயந்திரம் நியாயவிலைக் கடைகளுக்கு வருவதற்கு முன்னால், கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தின் பெரிய வீடுகள் பலவற்றில் ரேஷன் அட்டை வீட்டுக்காரரின் அலமாரியில் இருந்த நாட்களைவிட, பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் கைப்பையில் இருந்த நாட்களே அதிகம். மாதம் பிறந்ததும் அவள் தன் அட்டையோடு அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று, சர்க்கரையையும் பருப்பையும் வேலை செய்யும் வீட்டில் சேர்ப்பித்துவிட்டு, அரிசியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவாள். அரசாங்கம் அந்த வீட்டுக்கென்று ஒதுக்கிய அரிசி அது. அந்த வீட்டாருக்கு வேண்டாத அரிசி. அதற்காக வெயிலில் நின்ற கால்களோ அவளுடையவை. ஆனாலும் அவ்வீட்டார் அந்த அரிசியைத் தாங்கள் அவளுக்குச் செய்யும் உபகாரங்களில் ஒன்றாகவே கருதினார்கள். தீபாவளிப் புடவையோடு அதையும் சேர்த்து எண்ணினார்கள். அதே வீட்டின் முன்னறையில் மாலைக் காப்பியின்போது, "எல்லாத்தையும் சும்மா குடுத்துக் குடுத்து சனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க, இனி எவனுங்க வேலைக்கு வருவான்?" என்ற வார்த்தைகளும் பேசப்பட்டன.

இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. அவர்கள் கடும் உழைப்பால் முன்னுக்கு வந்த குடும்பத்தினர்; நோய் என்றால் வேலைக்காரப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர்கள்; கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கணக்குப் பாராமல் கொடுக்கிறவர்கள். இத்தனை நல்ல மனிதர்களும் ஒரே பிரமையில் எப்படி விழுகிறார்கள் என்பதுதான் என்னை நெடுநாளாக வருத்தி வரும் கேள்வி. யோசித்துப் பார்த்தால், அரசாங்கத்திடம் உதவி பெறுகிறவர் என்றால் அவர் வேறு யாரோ, நாம் அல்ல என்கிற எண்ணத்தில்தான் அதன் வேர் இருக்கிறது. சோம்பேறித்தனம், குடி, ஏமாற்று, நன்றியின்மை என்று பெறுகிறவர்கள்மேல் நாம் சுமத்தும் குற்றங்கள் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவையே.

ஆர்.எஸ்.புரமே பொதுப்பணத்தில் பிறந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் கோயம்புத்தூரை மீண்டும் மீண்டும் சூறையாடியது. அந்தப் பயத்தின் அடையாளமாக இன்றும் இந்நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் நிற்கின்றன. நெருக்கமும் அழுக்கும் மிகுந்த பழைய பேட்டைகளிலிருந்து ஜனங்களை வெளியே குடியேற்ற வேண்டும் என்று, நகரசபைத் தலைவராக இருந்த திவான் பகதூர் இரத்தினசபாபதி முதலியார் முதலானோர் முயன்றதன் பயனாகவே நேர்கோடாய் வகுத்த இந்த வீதிகள் உண்டாயின. அவர் காலத்திலேயே, மலைக்கு அப்பாலிருந்து சிறுவாணித் தண்ணீரை இந்நகருக்குக் கொண்டுவரும் பெருமுயற்சியும் நிறைவேறியது. வீட்டுக் குழாயில் அந்த இனிய நீரைப் பிடிக்கிற எவரும், அதன் முழு அடக்கவிலையைத் தாமே கொடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. 1932இல் மதராஸ் அரசாங்கம் பைக்காராவில் மின்சாரம் எடுத்து இந்தச் சமவெளிக்கு அனுப்பிய பிறகே பஞ்சாலைகள் வரிசை வரிசையாக எழுந்தன. இவற்றையெல்லாம் நாம் அபிவிருத்தி என்று சொல்லிப் பழகிவிட்டோம். யாரும் இவற்றுக்காகத் தலைகுனிந்து நின்றதில்லை, நிற்கவேண்டியதும் இல்லை.

ஏழைக்குக் கொடுத்தால் அவன் கெட்டுப்போவான் என்ற பயம் நம் காலத்தில் தோன்றியதன்று. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்ட 1876-78 பஞ்சத்தில், சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்கள் மிகக் கொடுமையாக அடிபட்டன. நிவாரண வேலைகளில் கல்லுடைத்தும் மண்சுமந்தும் லட்சக்கணக்கானோர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை 1877 ஜனவரியில் மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரணம் தாராளமாக இருக்கிறது, தேவையில்லாதவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று தீர்மானித்த டெம்பிள், நாளெல்லாம் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும் போதும் என்று குறைத்தார். ஒரு ராத்தல் என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் மனித உடம்பு இந்த அளவில் ஜீவித்திருக்க இயலாது என்று வைத்திய சாஸ்திரத்தின் ஆதாரத்தோடு ஆக்ஷேபித்து எழுதினார். சில மாதங்களுக்குப் பிறகு மதராஸ் அரசாங்கம் அந்தக் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம். 1881 ஜனத்தொகைக் கணக்கில் கோயம்புத்தூர் ஜில்லா, பத்து வருஷங்களுக்கு முன்னிருந்ததைவிடச் சிறுத்துப்போயிருந்தது.

டெம்பிளைக் கொடியவர் என்று மட்டும் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் மனத்தில் ஓடிய நியாயத்தை நாம் கவனிக்க வேண்டும்: கொஞ்சம் வயிறு நிறைந்தால் இவர்கள் வேலைக்குத் திரும்பமாட்டார்கள், ஆகையால் நிறையவிடலாகாது. இங்கிலாந்தின் 1834ஆம் வருஷத்து ஏழைகள் சட்டமும் இதே நியாயத்தின்மேல்தான் எழுப்பப்பட்டது. உதவி பெறுகிறவனின் நிலை, உழைக்கிறவர்களில் மிகத் தாழ்ந்தவனின் நிலையைவிடவும் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் சித்தாந்தம். மாலைக் காப்பியோடு நாம் பேசும் பேச்சு, அவ்வளவு பழமையானதொரு பேச்சின் தொடர்ச்சி என்பதை நாம் அறிவதில்லை.

கொங்கு நாட்டில் இந்தப் புகார் பெரும்பாலும் நூறு நாள் வேலையைக் குறித்தே எழுகிறது. களை எடுக்க ஆள் இல்லை, தேங்காய் பொறுக்க ஆள் இல்லை, எல்லாரும் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்று தோட்டக்காரர்கள் சொல்லும்போது, அவர்களுடைய கஷ்டம் மெய்யானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பயிர் காத்திருக்காது. ஆனால் காரணம் அதுவன்று. அந்த வேலைக்கான 2005ஆம் வருஷத்துச் சட்டம் தருவதாகச் சொன்னது ஆண்டில் 100 நாள். தேசம் முழுவதையும் சராசரி பார்த்தால் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்து வந்தது ஏறக்குறைய 50 நாள். தமிழ்நாட்டில் 2024-25இல் அதற்கு நிர்ணயித்த கூலி 319 ரூபாய். அதுவும் வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக, வராமல் நின்றதுண்டு. வருஷத்தில் மிச்சமிருக்கும் முந்நூறு நாளும் அந்த ஜனங்கள் எதைத் தின்று உயிர் வாழ்கிறார்கள் என்று கேட்டால் புகாருக்குப் பதில் கிடைத்துவிடும். மேலும், நம் மாநிலத்தில் அந்த வேலைக்குப் போனவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள்; அவர்களில் பலர் முதியவர்கள்; திருப்பூர்ப் பனியன் கம்பெனியும் பல்லடத்து விசைத்தறியும் கட்டட மேஸ்திரியும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய உடம்புகள். தோட்டத்து ஆளை இழுத்துக்கொண்டு போனது பனியன் கம்பெனியும் கட்டடமும் தந்த கூலிதான்.

பணம் கையில் வந்தால் மனிதன் வேலையை விட்டுவிடுவானா என்பதை ஊகத்தால் தீர்க்க வேண்டியதில்லை. அபிஜித் பானர்ஜியும் அவருடைய சகாக்கள் மூவரும் ஆறு வளரும் நாடுகளில் அரசாங்கங்கள் நடத்திய பணவுதவித் திட்டங்களின் ஏழு பரிசோதனைகளை எடுத்து ஆராய்ந்து, 2017இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். உதவி பெற்றவர்கள் அதனால் உழைப்பைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்குத் தொடர்ச்சியான சான்று எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. குடியும் புகையும் பற்றி 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா இருவரும், உதவிப்பணம் வந்ததால் அவ்விரு செலவுகளும் கூடின என்ற அபவாதத்துக்கு ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள்.

குடியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் இந்த அபவாதம் பெண்களின்மேல் இழைக்கப்படும் அநியாயம். 2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் சுமார் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களின் பெயரில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வங்கிக்குப் போகத் தொடங்கியது. வருஷத்துக்கு ஏறக்குறைய 12,700 கோடி ரூபாய். அதே காலத்தில், 2003 முதல் அரசாங்கமே நடத்தி வரும் மதுக்கடைகளின் வாயிலாகக் கஜானாவுக்கு வந்த வருமானம், 2023-24இல், 45,000 கோடிக்கு மேல். இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கட்டட வேலைக்குப் போகும் கணவன் தன் கூலியிலிருந்து சாயங்காலம் கஜானாவுக்குக் கொடுத்துவிட்டு வருகிற பணத்தில் ஒரு சிறு பங்கு, மாதத்தில் ஒரு நாள், அவன் மனைவியின் பெயருக்குத் திரும்பி வருகிறது. அதைக் கொண்டு அவள் கேஸ் சிலிண்டர் வாங்குகிறாள், மகளிர் குழுத் தவணை கட்டுகிறாள், பிள்ளையின் இருமலுக்கு மருந்து வாங்குகிறாள். நம் வரிப்பணத்தில் அவள் உட்கார்ந்து தின்கிறாள் என்று சொல்கிறவர்கள், வரி என்றால் வருமான வரி ஒன்றையே நினைத்துக்கொள்கிறார்கள். சோப்பிலும் பற்பசையிலும் பிஸ்கட்டிலும் பெட்ரோலிலும் மதுவிலும் வரி இருக்கிறது, அதை ஏழையும் நமக்குச் சமமாகவே கொடுக்கிறான், தன் வருமானத்தோடு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகமாகவே கொடுக்கிறான் என்பது அவர்கள் எண்ணத்தில் ஏறுவதில்லை.

ரேஷன் அரிசியை விற்கிறார்களே என்ற ஆக்ஷேபம் மற்றவற்றைப்போல ஆதாரமற்றதன்று. விற்கிறார்கள், கோயம்புத்தூரில் இருக்கிற நமக்கு அது நன்றாகவே தெரியும். வாளையார், வேலந்தாவளம் வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்படும் மூட்டைகளைக் குடிமைப்பொருள் போலீசார் பிடித்த செய்தி பத்திரிகையில் வராத மாதம் அரிது. ஆனால் அந்த வியாபாரத்தின் இரு முனைகளையும் பார்க்க வேண்டும். ஒரு முனையில், மாவரைக்கும் கடைக்கோ கோழிப்பண்ணைக்கோ பாலீஷ் செய்து மறுபடி விற்பதற்கோ டன் கணக்கில் சேர்த்து லாரி ஏற்றுகிற மனிதர் இருக்கிறார். அவர் ஏழையுமல்லர், உதவி பெறுகிறவருமல்லர். மறுமுனையில், வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டது போக மிஞ்சிய ஐந்து கிலோவைச் சில ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, அந்தக் காசில் பருப்பும் எண்ணெயும் வாங்குகிற பெண் இருக்கிறாள். தானியம் மட்டும் கொடுத்துவிட்டால் மனிதனுக்குக் குழம்பு வேண்டாம் என்று திட்டம் வகுத்தவர் நினைத்திருக்கலாம். அவள் அப்படி நினைக்க முடியாது. லாரிக்காரர் செய்வதைக் குற்றம் என்று சொல்லுவோம். அவள் செய்வது குடும்பக் கணக்கு. இரண்டையும் ஒரே வார்த்தையில் அடக்கிப் பேசும்போது, தண்டனை எப்போதும் அவளுக்கே போய்ச் சேருகிறது. அட்டையைப் பிடுங்கு என்றுதான் பேசுகிறோமே ஒழிய, லாரியைப் பிடுங்கு என்று பேசுவதில்லை.

பழியோடு அவமானமும் சேர்ந்து வருவதுண்டு. 2022 செப்டம்பரில், பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணத்தைக் குறித்து ஓர் அமைச்சர் "ஓசி" என்று சொல்லிவிட்டதும், கோவைப் பக்கத்துப் பேருந்து ஒன்றில் ஒரு மூதாட்டி தனக்கு ஓசிப் பயணம் வேண்டாம், சீட்டைக் கொடு என்று நடத்துநரிடம் வாதாடிய காட்சி நாடெங்கும் பரவியது. அதன் பின்னால் அரசியல் இருந்ததா என்ற சர்ச்சையில் நான் நுழையவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்த எண்ணற்ற பெண்களுக்கு நெஞ்சில் தைத்தது, உதவியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் அவமானம் என்பதில் ஐயமில்லை. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, அந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டது. ஆய்வு நடந்த இடங்களில் திருப்பூரும் ஒன்று.

இனி நாம் பெறுகிறவற்றைச் சொல்கிறேன். இந்தப் பகுதியின் விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்து, வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் 1970இலும் 1972இலும் போராடினார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்களைப் பலி கொடுத்தார்கள். கோவை வீதிகளில் மாட்டுவண்டிகளை நிறுத்தி நகரையே ஸ்தம்பிக்கச் செய்தார்கள். அந்தப் போராட்டத்தின் நெடிய பயனாக, 1989இல் அமைந்த ஆட்சியில் பம்புசெட்டு மின்சாரம் விவசாயிகள் எல்லாருக்கும் இலவசமாயிற்று. அது அவர்கள் உரிமை என்றே நான் நம்புகிறேன். ஆனால் ஐம்பது ஏக்கர் தென்னந்தோப்புக்காரரும் அரை ஏக்கர்க்காரரும் அதே இலவசத்தைப் பெறுகிறார்கள். ஐம்பது ஏக்கர்க்காரரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. 1999இல் மத்திய அரசு கொண்டுவந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித்திட்டம், புது இயந்திரம் வாங்கும் பஞ்சாலைகளின் கடன்வட்டியில் ஐந்து சதவிகிதத்தைப் பொதுப்பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்தது. கோவைப் பஞ்சாலைகள் அதில் தங்கள் பங்கைப் பெற்றன. வீட்டுக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு பெற்றவர்கள் நம் வீதியிலேயே எத்தனை பேர்! அந்த உதவி கணக்கப்பிள்ளையின் வழியாக, படிவத்தில் ஒரு வரியாக வந்து சேருகிறது. மூட்டையாக வருவதில்லை, தோளில் சுமக்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதுமில்லை. பார்வைக்குப் படுகிற உதவிக்கே பழி என்றால், அந்தப் பழிக்கு நீதியோடு சம்பந்தம் இல்லை.

ஏழைகளை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுப்பதே நீதி என்பாரும் உண்டு. 1997இல் மத்திய அரசு, ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்று சுருக்கியபோது, தமிழ்நாடு அந்த வழியில் போகாமல் எல்லாருக்குமான கடையாகவே வைத்துக்கொண்டது. விரயம் என்று பலர் கண்டித்தார்கள். எனக்கோ இந்த மாநிலம் செய்த மிக விவேகமான காரியங்களில் அது ஒன்றாகத் தோன்றுகிறது. வாத்தியாரும் வக்கீலும் கூலிக்காரரும் அட்டை வைத்திருக்கிற கடையில், அரிசி புழுத்திருந்தால் கேட்பதற்கு நாலு பேர் இருப்பார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று எழுதிவைத்த கடையில் யார் கேட்பது?

சலித்துப் பிரித்துத் தகுதியானவரைக் கண்டுபிடிக்கிற முறையின் கொடுமையை முதியோர் உதவித்தொகையில் பார்க்கலாம். 1962இல் மாதம் 20 ரூபாயாக இம்மாநிலத்தில் தொடங்கிய அந்தத் தொகை, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாயிற்று. அதைப் பெறுவதற்கு ஒரு கிழவி தான் ஆதரவற்றவள் என்று நிரூபிக்க வேண்டும். உழைத்ததை நிரூபிக்கச் சொன்னால் தன் உள்ளங்கையைக் காட்டிவிடுவாள். கைவிடப்பட்டதை எப்படி நிரூபிப்பாள்? பிள்ளை இருக்கிறானே என்று கேட்கிறார்கள். இருக்கிறான், திருப்பூரில் வாடகை வீட்டில், தன் பிள்ளைகளுக்கே போதாமல். அவன் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அதிகாரிகள் முன்னால் வாய்விட்டுச் சொன்னால்தான் மனு நகரும். பெற்ற மகனைப் பற்றி அப்படிச் சொல்ல நாவெழாமல், மனுவை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிவிட்ட ஒருத்தியை நான் அறிவேன். "அவனைக் கொற சொல்லி எனக்குக் காசு வாங்கோணுமாக்கும், வேண்டாஞ் சாமி" என்றாள். அரசாங்கத்தின் புள்ளிவிவரத்தில் அவள் உதவி தேவைப்படாதவர்களின் கணக்கில் சேர்ந்திருப்பாள். தகுதியில்லாதவர் பெற்றுவிடுவதைப் பற்றி நாம் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்காவது, தகுதியிருந்தும் பெறாமல் போகிறவரைப் பற்றிப் பேசியிருந்தால், இந்தச் சட்டதிட்டங்கள் வேறு விதமாக இருந்திருக்கும்.

பஞ்சாலையில் வேலை செய்தவர்களின் கதியும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. பங்கஜா, கம்போடியா, முருகன் மில் என்று ஒரு காலத்தில் சங்கொலியால் இந்நகரின் பொழுதை அளந்த ஆலைகள், 1974இல் தேசியமயமாகி, 2020 மார்ச்சுப் பொதுமுடக்கத்தில் நின்றுபோயின. அதற்கு முன்பே மூடிப்போன தனியார் ஆலைகள் பல. முப்பது வருஷம் பஞ்சுத்தூசியைச் சுவாசித்தவருக்கு, வருங்கால வைப்புநிதியின் ஓய்வூதியம் 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சமான மாதம் 1,000 ரூபாயில் நிற்பதுண்டு. அவருக்கு ரேஷன் அரிசி இலவசமாக வருகிறது என்று குறைப்பட்டுக்கொள்வதற்கு யாருக்கு வாய் வரும்?

கடைசியாக, நம் சமையற்கட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு விஷயம். பொன்னையராஜபுரத்திலிருந்தும் செல்வபுரத்திலிருந்தும் விடியற்காலையில் இந்த வீதிகளுக்கு நடந்து வருகிற பெண்கள், நாளுக்கு மூன்று நான்கு வீடுகளில் வேலை செய்து, அறுபதாவது வயதில் முதுகும் முழங்காலும் தளர்ந்து நிற்கும்போது, அவர்களுக்கு வைப்புநிதி இல்லை, பணிக்கொடை இல்லை, ஒரு நாள் விடுப்புச் சம்பளமும் பெரும்பாலும் இல்லை. அரசாங்கம் கொடுக்கிற முதியோர் உதவித்தொகை, அத்தனை வருஷங்களில் நாம் கொடுக்காமல் விட்டதன் ஒரு துளி. 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று ஒரு நல வாரியம் இந்த மாநிலத்தில் அமைக்கப்பட்டது. அதில் பதிந்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் உதவி உண்டு, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. ஆனால் இந்தப் பெண் இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொன்னால், பிற்பாடு ஏதாவது பொறுப்பு வந்து சேருமோ என்று அஞ்சி, படித்தவர்களே இன்று நாளை என்று தட்டிக்கழிக்கிறார்கள். ஆர்.எஸ்.புரத்தார் நாம் எல்லாரும் இந்த மாதத்திலேயே செய்து முடிக்கக்கூடிய காரியம் அது. அவள் பெயர், வயது, எத்தனை வருஷமாக வருகிறாள், என்ன வேலை செய்கிறாள், என்ன சம்பளம் என்று ஒரு தாளில் எழுதி, கீழே நம் விலாசத்தையும் கையெழுத்தையும் போட்டு, அவள் கேட்பதற்கு முன்பே அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.